குவாசா டுவா

நம் வயதுக்காரர்கள் கூடிப் பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிரம்படி, சிற்றுண்டிச்சாலை மீ கோரெங், விளையாட்டுப் போட்டி என்றுதான் பேச்சு போகும். யாராவது கணக்குப் பாடத்தை எடுத்தால் நான் மட்டும் இன்றும் மெல்ல எழுந்து போய்விடுவேன். கணக்கு வராததால் அல்ல. எனக்கு நன்றாகவே வந்தது. நான் நான்காம் படிவத்தில், பதினாறு வயதில் இருந்த ஆண்டின் தொடக்கத்தில், அந்தக் கொளுத்தும் வெயில் காலத்தில், எங்கள் வகுப்புக்கு இருபடிச் சார்பு சொல்லிக்கொடுக்க வந்தவர் என் சொந்த அண்ணி. அந்தப் பாடம் அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

ஈஜோக்கிலிருந்து கோல சிலாங்கூர் போகும் சாலையை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். பாதி ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குப் பின்பக்கம் முன்பு நிழலாக இருந்த இடமெல்லாம் வெட்டவெளியாகக் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பகல் வேலை ஒரு வாரம், இரவு வேலை ஒரு வாரம் என்று மோட்டார் சைக்கிளில் போய் வருவார். வீட்டில் இருக்கும் நேரத்தில் தூங்குவார். பள்ளி விடுமுறையில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணி சபாக் பக்கத்துப் பெண். பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் வரை படித்தவர். எங்கள் லயத்தில் அதுவரை அவ்வளவு படித்தவர் யாரும் இல்லை.

பள்ளி திறந்ததும் நான் படித்த இடைநிலைப்பள்ளியிலேயே அண்ணிக்குத் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மீன் லோரிக்காரரிடம்கூட, "நம்ம மருமக டீச்சரு. இனிமே நல்ல மீனா பாத்துக் குடுங்க" என்று சொன்னார்.

அண்ணி படித்தது வரலாறும் இலக்கியமும். தலைமையாசிரியர் முதலில் கீழ்வகுப்புகளுக்கு வரலாறு கொடுத்தார். அது நன்றாகப் போனது. இரண்டாம் படிவப் பிள்ளைகள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிறகு எங்களுக்கு, சாதாரணக் கணக்கைவிடக் கடினமான கூடுதல் கணிதத்தை எடுத்த ஆசிரியரைத் திடீரென்று சரவாக்குக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. தலைமையாசிரியர் அட்டவணையைப் பார்த்திருக்கிறார். அண்ணிக்கு அந்த நேரங்கள் காலியாக இருந்தன. ஐந்தாம் படிவச் சோதனையில் சாதாரணக் கணக்கில் நல்ல தேர்ச்சியும் இருந்தது. அடுத்த ஆள் வரும்வரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

முடியாது என்று அண்ணியால் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப்போடத் தலைமையாசிரியரின் நற்சான்று வேண்டும். அவர் கொடுங்கோலர் அல்லர். சாந்தமாகப் பேசுவார். சாந்தமாகப் பேசுகிறவரிடம் மறுத்துப் பேசுவது இன்னும் சிரமம்.

நானும் அண்ணியும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். பஸ்ஸில் அவர் அண்ணி. பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் சிக்கு. ஆசிரியர்களை நாங்கள் எல்லோரும் சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். வாசலில் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் நடந்துவிடுவார், திரும்பிப் பார்க்கமாட்டார். அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று முதல் நாளே பேசிவைத்திருந்தோம்.

அறிவியல் பிரிவில் நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணியின் மகள். எங்களுக்கு முன்வரிசையில் மளிகைக்கடைச் சீனர் மகன். கெட்டிக்காரன். கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும்வரை கையை இறக்கமாட்டான். திமிர் இல்லை, அவன் சுபாவம் அப்படி.

இருபடிச் சார்பின் முதல் பாடத்துக்கு அண்ணி ஒரு கட்டப்பலகையைக் கொண்டுவந்தார். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கறுப்புத் துணியில் வெள்ளைக் கட்டங்கள் போட்டு, பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருப்பார்கள். ஆணியில் மாட்டி விரித்தால் கரப்பான் எச்சமும், பலகையில் எழுதும் சாக்குக்கட்டியின் பழைய தூளும் கலந்த ஒரு வாடை வரும். இப்போது எந்தப் பள்ளியிலும் அது இல்லை. எங்கள் பள்ளியில் இருந்ததன் ஒரு மூலையைச் செல் அரித்திருந்தது. அதோடு, மரத்தில் செய்த ஒரு நீள அடிக்கோல், நடுவில் பிடி வைத்தது.

எக்ஸ் வர்க்கம், அதில் மூன்று எக்ஸைக் கழி, இரண்டைக் கூட்டு. இதுதான் அண்ணி எழுதிய சார்பு. எக்ஸுக்கு ஒவ்வோர் எண்ணாகப் போட்டு விடை கண்டார். பூஜ்யம் போட்டால் இரண்டு. ஒன்று போட்டால் பூஜ்யம். இரண்டு போட்டாலும் பூஜ்யம். மூன்று போட்டால் மறுபடி இரண்டு. அதுவரை சரியாகத்தான் போனது. அண்ணியின் குரலில்கூட ஒரு தெம்பு வந்திருந்தது. புள்ளிகளை வைத்துவிட்டு அடிக்கோலை எடுத்து ஒவ்வொரு புள்ளியையும் அடுத்த புள்ளியோடு நேராகச் சேர்த்தார். அடிப்பக்கம் தட்டையாக, அலுமினியத் தட்டு மாதிரி ஓர் உருவம் வந்தது.

கடைக்கார மகன் கையைத் தூக்கினான். எல்லாம் மலாயில் நடந்த பேச்சு. என் நினைவில் தமிழாகத்தான் வருகிறது.

"சிக்கு, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?"

"இங்கேயும் பூஜ்யம், அங்கேயும் பூஜ்யம். நடுவிலும் பூஜ்யம்தான்."

"கண்டிப்பாகவா, சிக்கு?"

அண்ணி ஒரு கணம் பலகையைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றார்.

நான் மேசைக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதத்தில் ஒன்றரையைப் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம் வரவில்லை. பூஜ்யத்துக்கும் கீழே, கால் அளவு இறங்கியது. அப்படியானால் அங்கே தட்டை இல்லை. ஒரு குழி இருக்கிறது. கிராணி மகள் எட்டிப் பார்த்துவிட்டு என் காதில், "ஒங்கண்ணிக்குத் தெரியல லா" என்றாள். காகிதத்தைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டேன். வகுப்பு முடியும்வரை அந்தக் கையை விரிக்கவே இல்லை.

பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. எப்படிச் சொல்வது? வீட்டில் அவர் எனக்கு மூத்தவர், பள்ளியில் ஆசிரியர். இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தாலும் நான் பேசக்கூடிய இடம் அங்கே இல்லை. அண்ணி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வெயில் காலத்தில் தோட்டத்துத் தண்ணீர் சாயங்காலம்தான் வரும். லயத்துக்குப் பின்னால் துத்தநாகத் தகரம் அடித்த குளியலறை. உள்ளே சிமெண்டுத் தொட்டி. தண்ணீர் வரும் நேரத்தில் அண்ணி துண்டோடு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிடுவார். மற்ற காலத்தில் குழாய்ச் சத்தத்துக்கு உள்ளே இடி விழுந்தாலும் கேட்காது. அப்போது தண்ணீர் நூல் மாதிரி வழிந்ததால் அவருடைய குரல் தகரத்தில் பட்டு வெளியே வந்தது.

"மாணவர்களே, இன்று நாம் பார்க்கப்போவது..." பிறகு நிறுத்தம். மறுபடி ஆரம்பம். "எக்ஸ் குவாசா டுவா... எக்ஸ் குவாசா டுவா..." எக்ஸ் வர்க்கத்தை மலாயில் அப்படித்தான் சொல்வோம். வகுப்பில் எந்த இடத்தில் தடுமாறினாரோ அதே இடத்தில் அங்கேயும் தடுமாறினார். "நடுவிலும் பூஜ்யம்தான்" என்று சொல்லிவிட்டு, "ஏன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுநேரம் சொட்டுச் சத்தம்தான்.

கொடியில் துணி எடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். கதவு திறந்தது. ஈரத் தலையோடு அண்ணி. மார்போடு அணைத்த துண்டுக்குள் பாடநூலின் முனை தெரிந்தது.

"கேட்டுச்சா பாப்பா?"

"கேட்டுச்சு அண்ணி."

"அத்தைக்கு?"

"சத்தம் மட்டும் கேட்டிருக்கும்."

அவர் என் கையைப் பிடித்தார். விரலெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. "சொல்லிடாத பாப்பா. தோட்டம் பூரா சொல்லி வச்சிருக்காங்க, மருமக டீச்சருன்னு. தெரியாத பாடத்தச் சொல்லிக் குடுக்குறேன்னு தெரிஞ்சா நான் எப்டி அவங்க மொகத்துல முழிப்பேன்?"

சொல்லமாட்டேன் என்றேன். அதிலிருந்து என் கவலை இரட்டிப்பானது. பள்ளியில் அண்ணிக்காகப் பயம். வீட்டில் அம்மாவின் காதுக்குப் பயம்.

அம்மாவின் காது அப்படி இப்படியான காது அல்ல. அண்ணி சரியாகச் சாப்பிடாததை முதலில் கவனித்தார். மசக்கையாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டார். இல்லை என்று தெரிந்ததும் சந்தேகப்பட்டார். ஒருநாள் குளியலறைக்குப் பின்னால் கீரை பறிக்கிற சாக்கில் நின்று கேட்டுவிட்டு, நேராக அடுப்படிக்கு வந்து என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாப்பா, ஒங்கண்ணி குளிக்கிற எடத்துல தனியா நின்னு பேசுது."

"பாட்டு கீட்டு பாடியிருப்பாங்கம்மா."

"பாட்டா? மலாய்ல பேசுது. குவாசா டுவா, குவாசா டுவான்னு அதே பேச்சு. குவாசான்னா என்னா? சக்திதான? ரெண்டு சக்திங்குது." அம்மாவின் கண் விரிந்தது. "ஒண்ணு இல்ல பாப்பா. ரெண்டு புடிச்சிருக்கு."

அம்மாவுக்குத் தெரிந்த மலாய் சந்தை மலாய். அதில் குவாசா என்றால் சக்தி, அதிகாரம். வர்க்கம் என்ற அர்த்தம் அவருக்கு எப்படித் தெரியும்? இப்போது இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. உண்மையைச் சொன்னால் அண்ணியைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால் அம்மா பூசாரியிடம் போவார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா பூசாரியிடம் போனார்.

இதற்கிடையில் பள்ளியில் அண்ணி பழைய பயிற்சிகளையே எழுதவைத்து அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், உங்கள் கூடுதல் கணித வகுப்பை வந்து பார்க்கிறேன், நற்சான்று எழுத வசதியாக இருக்கும் என்று. நல்ல எண்ணத்தில்தான். பஸ்ஸில் அண்ணி எனக்குச் சொன்ன ஒரே வார்த்தை, "நாளைக்கு வர்றாராம்."

அன்று சாயங்காலம் தண்ணீர் வரும் நேரத்தில் அண்ணி துண்டை எடுத்தார். அம்மா வழியில் நின்றார்.

"இன்னைக்குக் குளிக்க வேணாம். கோயிலுக்குப் போறோம். சேலைய மாத்து."

"அத்தை, எனக்குப் படிக்கிற வேலை இருக்கு. நாளைக்குப் போலாமே?"

"நீதான் டீச்சராச்சே, ஒனக்கு என்னா படிப்பு? வாம்மா, வெளக்கு வச்சிருப்பாரு."

அண்ணி துண்டைக் கொடியில் போட்டார். சேலையை மாற்றினார்.

தோட்டத்து எல்லையில், பழைய ரப்பர் உலைக்குப் பக்கத்தில் எங்கள் கோயில். சாம்பிராணிப் புகையும், தூரத்து எண்ணெய் ஆலையிலிருந்து வரும் புளித்த வாடையும் அங்கே எப்போதும் கலந்திருக்கும். பூசாரி அண்ணியைக் கீழே உட்காரவைத்து, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். யாரோடும் இல்லை என்றார் அண்ணி. பேர் ஏதாவது சொல்கிறதா என்று அம்மாவைக் கேட்டார்.

"குவாசா டுவாங்குது சாமி. ரெண்டு இருக்கு போல."

பூசாரி யோசித்துத் தலையாட்டினார். "அப்ப ரெண்டு கயிறு கட்டணும்" என்று சொல்லி இரண்டு மணிக்கட்டிலும் கறுப்புக் கயிறு கட்டினார். அண்ணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நானும் பயந்துவிட்டேன் என்று நினைத்து அம்மா என் நெற்றியிலும் விபூதியை அள்ளிப் பூசினார்.

திரும்பி வரும்போது அம்மா முன்னால் போக, அண்ணி எனக்கு மட்டும் கேட்கும்படி, "காத்து கருப்புன்னே நெனச்சிட்டுப் போகட்டும் பாப்பா. அதுவே மேலு" என்றார். குரலில் அழுகை இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. செம்பனை இருட்டில் முகம் தெரியவில்லை.

மறுநாள் காலை தலைமையாசிரியர் எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றச் சுற்ற அவருடைய கோப்பின் தாள் படபடத்தது. அண்ணி நீளக்கை ரவிக்கை போட்டு வந்திருந்தார், கயிறு தெரியாமலிருக்க. கட்டப்பலகையை மாட்டினார். அதே சார்பு, அதே புள்ளிகள். முந்தின பாடத்தைத் திரும்பப் பார்ப்போம் என்று ஆரம்பித்து, அதே தட்டைக் கோட்டைப் போட்டார்.

கடைக்கார மகனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்காதே, இன்று மட்டும் தூக்காதே என்று வேண்டிக்கொண்டேன். அவன் கையைத் தூக்கினான்.

"சிக்கு, அன்று நாளைக்குச் சொல்கிறேன் என்றீர்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் என்ன?"

கிராணி மகள் என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி பலகைக்கும் எங்களுக்கும் நடுவில், பாதி திரும்பியபடி நின்றார். பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"எனக்குத் தெரியவில்லை" என்றார் அண்ணி.

ஓர் ஆசிரியர் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. உங்களில் யாராவது கேட்டிருக்கிறீர்களா?

"தெரியவில்லை. போட்டுப் பார்ப்போம். நடுவில் என்ன எண் இருக்கிறது?"

"ஒன்றரை" என்றான் ஒருவன்.

அண்ணி ஒன்றரையின் வர்க்கத்தைக் கேட்டார். பின்வரிசை மலாய்ப் பெண் சொன்னாள். மூன்று மடங்கைக் கேட்டார். வேறொருவன் சொன்னான். கழித்துக் கூட்டினால் பூஜ்யத்துக்குக் கீழே கால். அண்ணி அந்தப் புள்ளியைக் கோட்டுக்குக் கீழே வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்தார். பிறகு உள்ளங்கையால் தட்டைக் கோட்டை அழித்தார்.

"இன்னும் கீழே போகுமா?" என்று அவரே கேட்டார். வகுப்பே எண்களைப் போட ஆரம்பித்தது. ஒன்று புள்ளி நான்கு போட்ட வரிசையும் ஒன்று புள்ளி ஆறு போட்ட வரிசையும் ஒரே விடையைக் கத்தினார்கள். இரண்டும் ஒன்றரையைவிட ஒரு மயிரிழை மேலே. அப்படியானால் ஒன்றரைதான் அடிமட்டம். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி. "அதனால்தான் பூஜ்யத்துக்கும் மூன்றுக்கும் ஒரே விடை!" என்று கடைக்கார மகன் எழுந்தே நின்றுவிட்டான். அண்ணி அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் வளைகோட்டை இழுத்தார். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ரவிக்கைக் கை மேலேறிக் கயிறு தெரிந்ததை அவர் கவனிக்கவில்லை.

மணி அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. தலைமையாசிரியர் எழுந்து போனதைத்தான் பார்த்தேன்.

பள்ளி முடிவதற்குள் அண்ணியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, சாந்தமாகவே சொல்லியிருக்கிறார். நீங்கள் நல்ல பெண், ஆனால் மாணவர்கள் முன்னால் தெரியவில்லை என்று சொல்லும் ஆசிரியரை அரசாங்கச் சோதனை வகுப்பில் வைத்திருக்க முடியாது என்று. அந்த வகுப்பில் அவர் கண்டது ஒரு 'தெரியவில்லை'யைத்தான். அதற்குப் பிறகு நடந்தது அவர் கண்ணில் படவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகு யோசித்துப் பார்த்தால், அவருக்கும் மேலதிகாரிகளிடம் ஒரு பயம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அந்தப் பயத்தோடு பார்த்தால் அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

புது ஆசிரியர் வந்தார், சூத்திரங்களைச் சொல்லி எழுதவைத்தார். நாங்கள் எழுதினோம், தேறினோம். அண்ணிக்கு அந்த ஆண்டோடு பள்ளி வேலை முடிந்தது. பயிற்சிக் கல்லூரி கிடைக்கவில்லை. ரவாங்கில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே வீடும் வாங்கி, இப்போது அண்ணனோடு அங்கேதான் இருக்கிறார். குளியலறையில் பேச்சு நின்றுபோனதில் அம்மாவுக்குப் பூசாரிமேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. கடைசிவரைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அந்த இரண்டு கயிற்றின் பெருமையைச் சொன்னார். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா அத்தை" என்பார்.

ஆனால் அந்த மத்தியானம் பஸ்ஸில் வந்ததைத்தான் நான் சொல்ல நினைத்தேன். பள்ளி வாசலில் வழக்கம்போல் அவர் முன்னால் நடக்கவில்லை. எனக்காக நின்றார். கடைசி இருக்கையில் சேர்ந்து உட்கார்ந்தோம். தலைமையாசிரியர் சொன்னதை முழுக்கச் சொல்லி முடித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

"அண்ணன்கிட்ட என்னா சொல்லுவீங்க அண்ணி? அம்மாகிட்ட?"

"அதுக்கு அப்புறம் யோசிக்கலாம்." கையை விரித்துப் பார்த்தார். கோட்டை அழித்த சாக்குக்கட்டித் தூள் ரேகையிலெல்லாம் ஒட்டியிருந்தது. "அது கீழ எறங்குச்சே, பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமில்ல?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தலையாட்டினேன்.

"எனக்கு அப்பதான் தெரிஞ்சுச்சு பாப்பா. அங்க நின்னப்பதான்." அண்ணி சிரித்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "எவ்ளோ அழகா எறங்குது!"

கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். எத்தனை நாள் தூக்கமோ, தலை கனத்தது. செம்பனை லோரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போயும் அவர் விழிக்கவில்லை. எங்கள் தோட்டத்து நிறுத்தத்தில் ஆள் நின்றால்தான் பஸ் நிற்கும். இல்லாவிட்டால் முன்கூட்டியே மணியடிக்க வேண்டும். தோளை அசைக்காமல் மணிக்கயிறு எட்டுமா என்று பார்த்தபடி, இறங்குமிடம் தவறிவிடுமோ என்ற பயத்தோடு, நான் வழி நெடுக விழித்துக்கொண்டே வந்தேன்.